கீழே என்று சொல்லாத அண்ணி

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவள் என் அண்ணி. கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் 'வீட்டக்கா'. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அது பொத்தானை அமுக்கினால் தானாக ஓடுகிற லிஃப்ட் இல்லை. பழைய காலத்தது. ஒரு பித்தளைக் கைப்பிடி உண்டு. அதை ஒரு பக்கம் தள்ளினால் ஏறும், மறுபக்கம் தள்ளினால் இறங்கும், விட்டால் நிற்கும். எங்கே விடவேண்டும் என்பது ஓட்டுகிறவரின் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு விரற்கடை ஏறி நின்றாலோ இறங்கி நின்றாலோ ஸ்ட்ரெச்சரின் சக்கரம் இடிக்கும். வயிற்றில் தையல் போட்டவருக்கு அந்த ஒரு இடியில் உயிர் போய் உயிர் வரும். அண்ணி பதினான்கு வருஷம் ஓட்டினாள். அவள் நிறுத்தினால் தரையும் லிஃப்டும் ஒரே சிமெண்டில் பூசியது போல இருக்கும்.

அவள் மாடிகளை எண்ணிச் சொல்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். முதல் மாடி பிரசவம்; அது 'பாப்பா மாடி'. இரண்டாவது எலும்பு முறிந்தவர்களுக்கானது. 'நடக்கப் போற மாடி'. மூன்றாவது வயிற்று நோய். 'பசிக்கப் போற மாடி'. நான்காவதுதான் தீவிர சிகிச்சை. அதற்கு 'நாளைக்கு மாடி' என்று பெயர்.

"அது என்ன அண்ணி நாளைக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க யாரைக் கேட்டாலும் நாளைக்குத்தான் தெரியும்னு சொல்றாங்க. அப்ப நாளைக்குன்னு ஒண்ணு இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றாள்.

தரைத்தளம் மட்டும் 'வீடு'. மேலே எந்த மாடியில் கதவைத் திறந்தாலும், "வீட்டுக்குப் போறவங்க வாங்க, வீட்டுக்குப் போறவங்க!" என்று ராகம் போட்டுக் கூப்பிடுவாள். டீ குடிக்க இறங்குகிறவரும், மருந்து வாங்க ஓடுகிறவரும், ஸ்கேன் அறைக்குப் போகிறவரும் அவளுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள்தான். மருந்துக்கடைக்காரர் சீண்டுவார். "எங்க வீட்டுக்கா, உங்க வீட்டுக்கா, வீட்டக்கா?"

"எந்த வீட்ல சோறு வடிச்சிருக்கோ அந்த வீட்டுக்கு" என்பாள்.

தரைக்கும் அடியில் இன்னொரு தளம் உண்டு. அதில் ஒரு பக்கம் நான் வேலை செய்யும் துணிக்கிடங்கு. துவைத்துக் காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து மாடிவாரியாக அனுப்புவது என் வேலை. மறுபக்கம் பிணவறை. என்னை அங்கே கொண்டு விடும்போது, "நாத்தனார் ஸ்டேஷன் வந்தாச்சு" என்பாள். மூடிய ஸ்ட்ரெச்சர் வந்தால் ஒன்றும் சொல்லமாட்டாள். முக்காலியை விட்டு எழுந்து, போய்ச் சேரும்வரை நின்றபடியே ஓட்டுவாள். ஆனால் 'கீழே' என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அது ஏன் என்று வெகுநாள் நான் யோசிக்கவும் இல்லை.

ஒருநாள் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஏழு பேர். அதில் ஒருவர் வெளியே இருந்த என் காதில் விழும்படி அலறிக்கொண்டிருந்தார். அண்ணியின் குரலும் கேட்டது. "எதுக்கு சார் பயப்படறீங்க? மேலயும் போகலை, வீட்டுக்கும் போகலை. நடுவுல பத்திரமா தொங்கிட்டிருக்கோம். ரோட்ல நின்னா வண்டி மோதும். இங்க எது வந்து மோதப் போகுது?" கதவைத் திறந்தபோது அலறியவர் அவளுடைய முக்காலியில் உட்கார்ந்து தன் மகளின் கல்யாணப் பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தார். இறங்க மனசில்லாமல் இறங்கினார்.

இப்படிச் சொன்னால் அவளோடு வாழ்வது சுலபம் என்று தோன்றும். அப்படி இல்லை.

எங்கள் அண்ணன் இரும்புப் பட்டறையில் சம்மட்டிச் சத்தத்தில் இருபது வருஷம் நின்று காதைத் தொலைத்தவன். உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வான். அண்ணியோ மூச்சு விடாமல் பேசுகிறவள். பத்துக்கு நாலு வார்த்தைதான் அவனுக்குப் பிடிபடும். மீதிக்குத் தலையாட்டுவான். "இந்த வீட்ல சண்டையே வராததுக்குக் காரணம் உங்கண்ணன் காதுதான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வேலை போய் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்த நாட்களில், "இனிமே பக்கத்து வீட்டு நாய் குரைச்சாலும் நிம்மதியா தூங்கலாம்" என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. கடவுளே மன்னிக்கட்டும்.

அவர்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. இதே ஆஸ்பத்திரியில், இதே பாப்பா மாடியில். மூன்று நாள் இருந்தது. நான் அழுதுகொண்டே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைத் தடவிவிட்டு, "மூணு நாள் நம்மகூட இருந்தானே" என்றாள். அப்புறமும் அவள் அழுததை நான் பார்க்கவில்லை. இவளுக்கு நெஞ்சில் ஈரம் இல்லையா, இல்லை எங்களுக்கெல்லாம் இல்லாத ஏதோ ஒரு பலத்தைக் கடவுள் இவளுக்கு மட்டும் கொடுத்திருக்கிறாரா என்று பல வருஷம் எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருஷம் லிஃப்ட் வேலை காலியானபோது, நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நாளைக்கு மாடியில் ஒரு அம்மாள் படுத்திருந்தார். அவருடைய கணவர் தையல்காரர். எழுபது வயசு இருக்கும். தினமும் காலையில் கடையைத் திறந்து, தைக்கத் துணி கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வருவார். கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கும்.

"ஐயா, டேப்பைக் கழட்டாமலே வந்துட்டீங்க."

"இது இல்லைன்னா கழுத்து குளிருதும்மா."

"அப்ப ஒரு தடவை இந்த லிஃப்டை அளந்து சொல்லுங்க. நாளுக்கு நாள் சுருங்கற மாதிரி இருக்கு."

"லிஃப்ட் சுருங்கலை. நீங்கதான் பெருத்துட்டீங்க."

இப்படி ஒன்பது நாள். அவர்களுக்கு ஒரே மகள். ஒரு ராத்திரிப் பயணத் தொலைவில் வேறு ஊரில் ஒரு துணி ஆலையில் தரம் பார்க்கிற வேலை. லீவு கிடைக்காமல் இருந்து, கடைசியில் கிடைத்து, அந்த வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்புவதாக இருந்தாள்.

அன்று மத்தியானம் அந்த அம்மாளை ஸ்ட்ரெச்சரில் வைத்து லிஃப்டுக்குள் தள்ளி வந்தார்கள். தரைத்தளத்தில் ஸ்கேன் எடுக்க. தள்ளி வந்த வார்டு ஆள் ஸ்கேன் சீட்டைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் பின்னாலேயே ஓடி வந்து, "எங்கப்பா கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். வாயில் சீட்டு இருந்ததால் அவர் பேசவில்லை. மடக்குக் கதவை இழுத்துக்கொண்டே அண்ணி சொன்னாள்: "வீட்டுக்குத்தான் ஐயா. வாங்க, வாங்க."

"நிஜமாவா?"

"நான் என்னைக்கு உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கேன்?"

அவள் கண் கைப்பிடியில் இருந்தது. பதினான்கு வருஷமாகச் சொன்ன வார்த்தை. கதவு சாத்துகிற சத்தம் போல அதுவும் ஒரு சத்தம், அவ்வளவுதான். தரைத்தளம் வந்தது. ஒரு அசைவும் இல்லாமல் ஸ்ட்ரெச்சர் வெளியே போனது. தினமும் கேட்ட வார்த்தைதான்; ஆனால் மனைவியோடு சேர்ந்து அதைக் கேட்டது அன்றுதான், பெரியவர் நம்பிவிட்டார். நடைபாதையில் நின்று மகளுக்குப் போன் செய்தார். "அம்மாவை வீட்டுக்கு அனுப்பறாங்கம்மா. நீ அடிச்சுப் பிடிச்சு வராதே. அந்த லீவைச் சேர்த்து வை. அம்மா நடமாடறப்ப வந்து நாலு நாள் கூட இரு." மகள் பயணத்தை ரத்து செய்துவிட்டாள்.

ஸ்கேன் முடிந்து ஒருமணி நேரத்தில் அந்த அம்மாளை மறுபடி நாளைக்கு மாடிக்கே ஏற்றினார்கள். பெரியவர் நர்ஸைக் கேட்டார். டாக்டர் வந்து சொல்வார் என்றார்கள். சரி, நாளைக்கு அனுப்புவார்கள் போல என்று நினைத்துக்கொண்டார். மகளுக்கு மறுபடி போன் செய்யவில்லை. சந்தோஷமாக இருப்பவளை ஏன் குழப்ப வேண்டும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் விடிவதற்குள் அந்த அம்மாள் போய்விட்டார்.

காலை வேலைக்கு வந்த அண்ணிக்கு முதல் சவாரியே மூடிய ஸ்ட்ரெச்சர். வழக்கம்போல முக்காலியை விட்டு எழுந்து நின்றாள். அப்புறம்தான் பின்னால் வந்தவரைப் பார்த்தாள். கழுத்தில் டேப். பெரியவர் அவள் நிற்பதைப் பார்த்தார். காலியான முக்காலியைப் பார்த்தார். பிறகு, தைத்த சட்டை அளவு தவறிப் போனால் சீட்டை எடுத்துச் சரிபார்ப்பது போல, கோபமே இல்லாமல் கேட்டார்.

"நேத்து வீட்டுக்குன்னு சொன்னீங்களேம்மா."

அண்ணி அடித்தளத்தில் லிஃப்டை நிறுத்தினாள். இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. ஸ்ட்ரெச்சர் இடித்தது. படுத்திருந்தவருக்கு வலிக்கவில்லை. ஆனாலும் பெரியவர் "பார்த்துப்பா, பார்த்து" என்றார்.

மேலே எல்லா மாடியிலும் லிஃப்டைக் கூப்பிடும் மணி அடித்துக்கொண்டிருக்க, அவள் லிஃப்டைத் திறந்தபடி விட்டுவிட்டு என் கிடங்குக்குள் வந்து துணிமூட்டைமேல் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். நான் கேட்டது ஒரே கேள்வி: "யாராவது கேட்டாங்களா?"

"வார்டு ஆள் இருந்தார்."

"அவர் வாயில சீட்டு இருந்துச்சு. காதும் அடைச்சிருக்கும். நீங்க ஒண்ணும் வாயைத் திறக்காதீங்க அண்ணி."

வாயைத் திறக்காதே என்று யாரிடம் சொன்னேன் பாருங்கள். அவள் அப்படியே கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து லிஃப்டில் சத்தமில்லை. மாடிப் பெயர்கள் இல்லை. "எத்தனாவது?" என்று மட்டும் கேட்டாள். மருந்துக்கடைக்காரர் இரண்டு தடவை சீண்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை படியில் இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். காது கேளாதவன் பேச்சில் எப்போதும் கூரை அதிரும். ஆனால் அன்று குரலைத் தாழ்த்த முயன்றான். அது இன்னும் சத்தமாக வந்தது.

"அவளுக்கு என்னாச்சு? ரெண்டு நாளா வாயே அசையலையே!"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். நான் ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன்.

"ஒண்ணுமில்லைன்னு நீ கையைக் காட்டற. அவளும் கையைக் காட்டறா. நான் என்ன லாரியா, ஆளாளுக்குக் கை காட்ட?"

திங்கட்கிழமை நிர்வாக அதிகாரி அண்ணியைக் கூப்பிட்டார். இறந்துபோன அம்மாளின் மகள் வந்து புகார் கொடுத்திருக்கிறாள் என்றார். நானும் எங்கள் மேற்பார்வையாளரும் கதவருகே நின்றோம். "வீட்டுக்கு அனுப்பறாங்கன்னு நீ ஏதாவது சொன்னியாம்மா?" என்று கேட்டார் அதிகாரி. அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் திறப்பதற்குள் மேற்பார்வையாளர் முந்திக்கொண்டார். "இல்லைங்க சார். இவங்க வெறும் மாடிப் பேருதான் சொல்லுவாங்க." அது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். நான் மனசுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னேன். கூடவே, அந்தப் பெரியவருக்கு அண்ணியின் முகம் மறந்துபோகட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். நான் செய்த வேண்டுதல்களில் அதுபோல ஒரு மோசமான வேண்டுதல் இல்லை. ஒன்பது நாள் தினமும் சிரித்துப் பேசிய முகத்தை அவர் மறக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

புதன்கிழமை அப்பாவும் மகளும் இறப்புச் சான்றிதழ் வாங்க வந்தார்கள். தரைத்தளத்தில் அலுவலகத்துக்கு வெளியே ஒரே இரும்புக் கம்பியில் கோத்த நாற்காலிகள் உண்டு. ஒரு கோடியில் பெரியவர், மறுகோடியில் மகள். நடுவில் மூன்று நாற்காலி காலி. நான் விரிப்புக் கட்டைத் தள்ளுவண்டியில் வைத்து லிஃப்டுக்காகக் காத்திருந்தேன்.

அதிகாரி வெளியே வந்து மகளிடம் சொன்னார். "விசாரிச்சுட்டோம்மா. எங்க ஆளுங்க யாரும் அப்படிச் சொல்லலை. பெரியவர் பதட்டத்துல இருந்திருக்கார். ஏதோ காதுல மாத்தி விழுந்திருக்கும்."

அவர் உள்ளே போனதும் மகள் பக்கத்தில் பார்க்காமலே பேசினாள்.

"கேட்டீங்களாப்பா?"

"என் காதால கேட்டேம்மா. அந்த லிஃப்ட்ல இருந்த அம்மாதான் சொன்னாங்க."

"நீங்க எப்பவும் இப்படித்தான். அம்மாவுக்குக் கை ஒடிஞ்சப்பவும் மூணு மாசம் கழிச்சுத்தான் சொன்னீங்க. நான் வேலையைக் கெடுத்துக்கக் கூடாது, நான் அழக் கூடாது. அதுக்காக என்ன வேணா சொல்லுவீங்க. இதையும் நீங்களா சொல்லிட்டு, இப்ப யாரோ ஒருத்தங்க மேல போடறீங்க."

"இல்லம்மா. இதை நான் சொல்லலை."

"நான் டிக்கெட்டைக் கையில வச்சிருந்தேன்ப்பா. கையில."

பெரியவர் டேப்பின் நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார், சுற்றினார்.

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அண்ணி நாற்காலிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தியபடி கேட்டாள்.

"அந்த ஐயா வந்திருக்காரா?"

இல்லை என்று சொல்லலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அந்த ஐந்து நாளும் நான் மடித்த துணியெல்லாம் அந்தப் பொய்யோடு சேர்த்து மடித்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. பார்த்ததைச் சொன்னேன். மூன்று நாற்காலியையும் சொன்னேன். "அந்தப் பொண்ணு அவரைத்தான் பொய்யன்னு நினைக்குது அண்ணி."

அவள் கைப்பிடியைத் தொடவில்லை. கதவை மறுபடி திறந்தாள். பிறகு யாரும் ஓட்டிவிடக் கூடாது என்று பித்தளைக் கைப்பிடியைத் திருகிக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். காத்திருந்தவர்கள் கத்தினார்கள்.

"வீட்டக்கா, மேல போகணும்!"

"படி இருக்கு. நடங்க" என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

"அண்ணி, வேலை போயிடும்" என்றேன் பின்னாலேயே.

"போகட்டும்."

அண்ணி அந்த மகளுக்கு முன்னால் போய் நின்றாள். கையில் கைப்பிடியைப் பார்த்து அந்தப் பெண் பயந்துகூடப் போயிருப்பாள்.

"நான்தாம்மா லிஃப்ட் ஓட்டறது. உங்கப்பா பொய் சொல்லலை. வீட்டுக்குன்னு நான்தான் சொன்னேன்."

மகள் எழுந்து நின்றாள். "உங்களுக்கு யார் சொன்னது வீட்டுக்கு அனுப்பறாங்கன்னு?"

"யாரும் சொல்லலை. தரைத்தளத்தை நான் வீடுன்னு சொல்லுவேன். பழக்கம். எல்லாருக்கும் சொல்லுவேன். நிஜமாவான்னு கேட்டார். அப்பவாவது நான் திரும்பிப் பார்த்திருக்கணும். நான் என்னைக்கு பொய் சொல்லியிருக்கேன்னு கேட்டேன்."

"விளையாட்டுக்கா?"

"ஆமாம்மா. விளையாட்டுக்குத்தான்."

அதிகாரி வாசலில் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"நீங்க சொன்னது எங்கம்மா காதுல விழுந்துதா? அவங்க முகம் எப்படி இருந்துச்சு?"

ஆமாம்மா, சிரிச்சாங்க என்று ஒரு வார்த்தை. அண்ணிக்கு அது வராத வார்த்தையா? வாழ்நாள் முழுக்க அவள் சொன்னதெல்லாம் அந்த மாதிரி வார்த்தைதானே. அந்தப் பெண்ணும் அதற்காகத்தான் காத்து நின்றாள். நானும் மனசுக்குள் சொல்லு, சொல்லு என்றேன்.

அண்ணி கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் அவங்க முகத்தைப் பார்க்கலை."

மகள் மெதுவாக உட்கார்ந்தாள். அப்போது மறுகோடியிலிருந்து பெரியவர், டேப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் பார்த்தேன். குனிஞ்சு, வீட்டுக்குப் போறோம்னு சொன்னேன். கண்ணைத் திறந்தா."

"ஏதாவது சொன்னாங்களா?"

"சாவி எங்கன்னு கேட்டா."

மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாக இருக்கும்.

"நிஜமாவாப்பா?"

"சாவியைப் பத்தி நான் ஏம்மா பொய் சொல்லப் போறேன்? பாக்கெட்லருந்து எடுத்துக் காட்டினேன். தலையாட்டினா. நீ கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

அந்தப் பெண் சிரித்தாள். அழுகையும் அதிலேயே வந்தது. "எங்க போனாலும் அந்தச் சாவிதான். எங்க போனாலும்." முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்து, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். அப்பா பக்கமாக. ஒரே ஒரு நாற்காலி. நடுவில் இன்னும் இரண்டு காலியாகத்தான் இருந்தது. அம்மாவின் துணிப்பையை அதில் ஒன்றில் வைத்தாள்.

பிறகு அண்ணியை நிமிர்ந்து பார்த்து, "உங்களை மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வரலை" என்றாள்.

"வேண்டாம்மா" என்றாள் அண்ணி.

அதிகாரி அன்று சாயங்காலமே உத்தரவு போட்டார். அண்ணியை வேலையை விட்டு எடுக்கவில்லை. லிஃப்டிலிருந்து எடுத்துவிட்டார். நாளை முதல் துணிக்கிடங்கில், என்னோடு. லிஃப்ட் ஓட்டுகிறவர் நோயாளிகளோடு பேசக் கூடாது என்று ஒரு தாளும் ஒட்டினார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது நான்தான் பேச்சை எடுத்தேன். "எல்லாரையும் போல கீழேன்னு சொல்லியிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா அண்ணி?"

நடையை நிறுத்தாமல் சொன்னாள்.

"பையன் போன அன்னைக்கு என்னை டிஸ்சார்ஜ் பண்ணி அதே லிஃப்ட்லதான் இறக்கினாங்க. கையில ஒண்ணுமில்லை. பால் கட்டிக்கிட்டு வலிக்குது. அப்ப ஓட்டினவர் ஒவ்வொரு மாடியிலயும் கதவைத் திறந்து, கீழே, கீழே, கீழேன்னு கத்தினார். அவர் மேல தப்பில்லை, அது அவர் வேலை. எனக்கு என்னமோ அவர் என்னைப் பிடிச்சு அமுக்கற மாதிரியே இருந்துச்சு. அந்த முக்காலி எனக்குக் கிடைச்சப்ப, இந்த வார்த்தை இங்க இனி கேக்கக் கூடாதுன்னு நினைச்சேன்."

"நல்லதுக்குத்தானே நினைச்சீங்க?"

"மத்தவங்க நல்லதுக்குன்னுதான் நானும் நினைச்சிட்டிருந்தேன். இப்ப பார்த்தா, என் காதுல விழக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்கேன். படுத்திருந்தவங்க முகத்தைக்கூடப் பார்க்காம சொல்லியிருக்கேனே. அது அவங்களுக்காகவா இருக்கும்?"

கேட்டது என்னையா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை இருவரும் லிஃப்டுக்கு முன்னால் நின்றோம். வாசல் காவலாளியை அதில் உட்கார வைத்திருந்தார்கள். வந்த கொஞ்ச நேரத்திலேயே கைப்பிடியோடு மல்லுக்கட்டி அவருக்கு வேர்த்திருந்தது. சுவரில் ஒட்டிய தாளைப் பயத்தோடு பார்த்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டி எங்கே என்று கேட்டார்.

நாத்தனார் ஸ்டேஷன் என்பாளோ என்று காத்திருந்தேன்.

"கீழே" என்றாள் அண்ணி.

அந்தச் சொல்லை அவள் வாயில் அன்றுதான் கேட்டேன். லிஃப்ட் இறங்கியது. எனக்குப் பக்கத்தில் அவள் வலதுகை வெறும் காற்றில் எதையோ பிடித்து, சரியான இடத்தில் விட்டது. காவலாளி அதற்கு அப்புறம்தான் விட்டார். தடக்கென்று நின்றது.

"ரெண்டு விரல் இறங்கிடுச்சு. கொஞ்சம் முன்னாடியே கையை எடுங்க. படுத்திருக்கறவங்களுக்கு வலிக்கும்" என்றாள்.

இப்போது மூன்று மாசமாகிறது. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து விரிப்புகள் சூடாக வரும். நாங்கள் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து இழுத்து மடிக்கிறோம். அவள் பேசுகிறாள். நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாள். ஒன்றைச் சொல்வதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறாள். இந்தத் தளத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. நடைபாதையில் ஸ்ட்ரெச்சர் சத்தம் கேட்டால் கையிலுள்ள துணியோடு எழுந்து நிற்கிறாள். நானும் நிற்கப் பழகிவிட்டேன். பழைய அண்ணி திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல், அவள் நன்றாக இருக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்.

"முன்ன மாதிரி வேகமா பேசறதில்லை பார்த்தியா? இப்பத்தான் அவ சொல்றது எனக்கு முழுசா புரியுது."

உள்ளே கத்திச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.